மை பூசிய பாடநூலும் மாறாத வகுப்பறையும்

1945 இலையுதிர் காலத்தில் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விசித்திரமான வேலை ஒன்று கொடுக்கப்பட்டது. தங்கள் பாடப்புத்தகத்தைத் தாங்களே அழிக்க வேண்டும். ஆகஸ்ட் 15 அன்று பேரரசர் வானொலியில் தோல்வியை அறிவித்திருந்தார். அமெரிக்கப் படைகள் வந்திறங்கிவிட்டன. புதிய புத்தகம் அச்சிடக் காகிதமும் இல்லை, நேரமும் இல்லை. போரைப் புகழும் பகுதிகளை நீக்கிவிடும்படி கல்வி அமைச்சகம் செப்டம்பர் 20 அன்று சுற்றறிக்கை அனுப்பியது. ஆசிரியர் பக்கத்தையும் வரியையும் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் மைக்கட்டியை உரைத்து, தூரிகையால் அந்த வரிகளைக் கறுப்பாக்கினார்கள். சில மாதங்களுக்கு முன்புவரை அதே புத்தகத்தை நெற்றிக்கு உயர்த்தி வணங்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவரும் அதே ஆசிரியர்தான். பெரியவர்கள் சொல்வதை நம்புவதை அன்றோடு நிறுத்திக்கொண்டோம் என்று அந்தத் தலைமுறையினர் பலர் பின்னாளில் எழுதியிருக்கிறார்கள்.

நாட்டின் விழுமியங்களைக் கல்வி எப்படி உருவாக்குகிறது என்று பேசும்போது நாம் பெரும்பாலும் பாடநூலைத்தான் பார்க்கிறோம். எந்தப் பாடம் சேர்ந்தது, எது நீக்கப்பட்டது, யார் பெயர் விடுபட்டது என்றுதான் சண்டை. ஆனால் மை பூசி முடித்த அந்த வகுப்பில் அடுத்து என்ன நடந்தது? முறைப்பொறுப்பில் இருந்த மாணவன் குரல் கொடுக்க, எல்லோரும் ஒன்றாக எழுந்து, ஒன்றாகக் குனிந்து ஆசிரியரை வணங்கினார்கள். பிறகு வாளியும் துணியும் எடுத்து வகுப்பறையைத் துடைத்தார்கள். மைக்கு எட்டாத இந்தப் பகுதிதான் பாடத்தைவிட ஆழமாக வேலை செய்தது என்பது என் எண்ணம். அதைச் சொல்ல எழுபது ஆண்டுகள் பின்னே போக வேண்டும்.

தமிழ் வாட்ஸாப் குழுக்களில் ஜப்பானியப் பள்ளிகளின் காணொளிகள் அடிக்கடி சுற்றுகின்றன. பிள்ளைகள் வெள்ளைத் தொப்பியும் மேலங்கியும் அணிந்து உணவு பரிமாறுகிறார்கள், முழங்காலிட்டுத் தாழ்வாரம் துடைக்கிறார்கள். “அவங்க ரத்தத்திலேயே ஊறினது” என்று யாராவது ஒருவர் கீழே எழுதிவிடுகிறார். ரத்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஜப்பானியப் பள்ளி நாம் நினைப்பதைவிட இளமையானது. அதில் இன்று பழம்பண்பாடாகத் தோன்றுபவற்றில் கணிசமானவை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதிகாரிகள் அமர்ந்து தீர்மானித்தவை.

1868இல் மெய்ஜி ஆட்சி தொடங்கியபோது வெளியிடப்பட்ட ஐந்து உறுதிமொழிகளில் ஒன்று, உலகெங்கும் அறிவைத் தேடுவது. 1872இல் வந்த கல்விச் சட்டம் நாட்டை 8 பல்கலைக்கழக வட்டங்களாகவும், ஒவ்வொன்றையும் 32 நடுநிலைப்பள்ளி வட்டங்களாகவும், அவை ஒவ்வொன்றையும் 210 தொடக்கப்பள்ளி வட்டங்களாகவும் பிரித்தது. பெருக்கினால் 53,760 தொடக்கப்பள்ளிகள். பிரெஞ்சு நிர்வாக முறையைப் பார்த்துத் தாளில் போட்ட கணக்கு அது. எழுத்தறிவில்லாத வீடே ஊரில் இருக்கக் கூடாது என்றது முன்னுரை. அதே ஆண்டில் ஃபுகுசாவா யுகிச்சி எழுதத் தொடங்கிய ‘கல்விக்கு ஊக்கம்’ என்ற நூல் வரிசையும் அதே சூட்டில் பிறந்ததுதான்: பிறப்பால் ஒருவரும் உயர்வில்லை, படிப்பே ஆளைப் பிரிக்கிறது, தன்காலில் நிற்பதற்காகப் படி. தனிமனித முன்னேற்றம் என்ற சரக்கு அப்போது அந்த நாட்டுக்கே புதிது.

மக்கள் அதை ஆரத்தி எடுத்து வரவேற்கவில்லை. பள்ளிக்குக் கட்டணம் உண்டு, வயல்வேலைக்குப் பிள்ளை வேண்டும். 1873இல் பள்ளி வயதினரில் சேர்ந்தவர்கள் சுமார் 28 விழுக்காடு. அந்த ஆண்டு மேற்கு ஜப்பானில் வெடித்த கலவரங்களில் பள்ளிக் கட்டடங்களும் எரிந்தன. கட்டாய ராணுவ சேவை, புதிய வரி, பள்ளிச் செலவு எல்லாம் சேர்ந்த கோபம் அது. இன்னொரு காரணமும் இருந்தது. தோல் பதனிடுதல், இறந்த விலங்குகளை அகற்றுதல் போன்ற தொழில்களால் தீண்டத்தகாதவர்களாக வைக்கப்பட்டிருந்த புராகுமின் மக்களின் இழிநிலையை 1871 அரசாணை ஒழித்திருந்தது. அதைப் பொறுக்காதவர்கள் மிமாசாகா பகுதியில் அம்மக்களின் வீடுகளைக் கொளுத்தி, ஆட்களைக் கொன்றார்கள். தங்கள் பிள்ளையோடு அவர்கள் பிள்ளை ஒரே பாயில் உட்காருவதா என்ற கேள்வி பல ஊர்களில் எழுந்தது. தனிப் பள்ளி, பின்வரிசை என்று அதற்கு விடைகளும் கண்டார்கள். தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆள் சேராத பள்ளியை எப்படி நாட்டுக்குப் பயன்படும் கருவியாக மாற்றுவது என்று யோசித்தவர் மோரி அரினோரி. 1885இல் கல்வி அமைச்சரானார். இளமையில் ஜப்பானிய மொழியையே விட்டுவிட்டு ஆங்கிலத்தைக் கொள்ளலாமா என்று கேட்ட அளவுக்கு மேற்கத்திய மோகம் கொண்டவர். அவரைப் பழமைவாதி என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் பள்ளிக்குள் படையணிப் பயிற்சியைக் கொண்டுவந்தவர் அவர்தான். ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளை விடுதிப் பாசறைகளாக்கினார்; கீழ்ப்படிதல், தோழமை, கம்பீரம் ஆகிய மூன்று குணங்களை வளர்ப்பதே அவற்றின் நோக்கம் என்று 1886இல் வகுத்தார். இன்று ஜப்பானியர் நினைவில் இனிக்கும் பள்ளிச் சுற்றுலா, அதே ஆண்டில் தோக்கியோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளி மாணவர்கள் சிபா கடற்கரைப் பகுதிக்கு நடத்திய நீண்ட அணிவகுப்பிலிருந்து கிளைத்தது. பையன்களின் கறுப்புச் சீருடை ராணுவ உடையின் வார்ப்பு, பெண்களின் சீருடை கடற்படை உடையின் வார்ப்பு. முதுகில் சுமக்கும் கெட்டித் தோல்பை 1885 வாக்கில் பிரபுக்களின் பிள்ளைகள் படித்த ககுஷூயின் பள்ளியில் நுழைந்தது. வண்டியில் வருவதும், வேலையாள் புத்தகம் தூக்கி வருவதும் கூடாது, அவரவர் சுமையை அவரவரே தூக்க வேண்டும் என்று விதித்தார்கள். அதற்கு உதவியது சிப்பாயின் முதுகுப்பை. சமத்துவமும் பாசறையும் ஒரே பையில் வந்தன என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பின்வரும் கதை முழுவதிலும் இவ்விரண்டையும் பிரித்தெடுக்க முடியாது.

1889 பிப்ரவரி 11, புதிய அரசியல் சாசனம் வெளியான நாளன்று, மோரி ஒரு தீவிரவாதியால் குத்தப்பட்டார். சூரிய தேவதையின் கோயிலை அவமதித்தார் என்பது குற்றச்சாட்டு. மறுநாள் இறந்தார். அவர் உண்டாக்கிய உடல் ஒழுங்கு இருந்தது. அதற்கு ஓர் உள்ளம் தேவைப்பட்டது. அடுத்த ஆண்டு அக்டோபர் 30 அன்று வந்த பேரரசரின் கல்வி ஆணை அந்த இடத்தை நிரப்பியது. சட்ட அறிஞர் இனோவே கொவாஷியும், பேரரசரின் கன்ஃபூசிய ஆசிரியர் மொதோதா நகாசானேயும் சேர்ந்து உருவாக்கிய அந்த ஆணை வெறும் 315 எழுத்துகள். பெற்றோரைப் பேணு, உடன்பிறந்தாரோடு அன்பாயிரு, கற்றுத் தேர், சட்டத்தை மதி என்று யாரும் மறுக்க முடியாத அறங்களாக அடுக்கிக்கொண்டே வந்து, ஆபத்து வந்தால் நாட்டுக்காக உன்னைக் கொடு, அரியணையைக் காப்பாற்று என்று முடிகிறது. திறமையான கட்டுமானம். பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லும் புத்திமதியும் அரசு விசுவாசமும் ஒரே மூச்சில் வருவதால், இரண்டாவதை மறுப்பவன் முதலாவதையும் மறுப்பவன் ஆகிவிடுகிறான்.

1891 ஜனவரியில் தோக்கியோவின் முதல் உயர்நிலைப் பள்ளியில் அந்த ஆணையின் முன் வணங்கும் சடங்கு நடந்தது. கிறிஸ்தவரான ஆசிரியர் உச்சிமுரா கான்ஸோ போதிய அளவு குனியவில்லை. வணங்க மறுத்தார் என்றுகூட இல்லை, தலையை லேசாகத் தாழ்த்தினார், அவ்வளவே. நாடெங்கும் கண்டனம் எழுந்தது, வேலை போனது. ஆணையில் எழுதியிருப்பதை அவர் நம்பினாரா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. முதுகு எத்தனை பாகை வளைந்தது என்பதே வழக்கு. பள்ளியின் உண்மையான பாடம் எங்கே நடந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. பின்னர் பேரரசர் படத்தையும் ஆணையையும் வைக்கப் பள்ளி வளாகங்களில் தனிச் சிறுமண்டபங்கள் எழுந்தன. தீயிலோ கடற்கோளிலோ அந்தப் படத்தைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட ஆசிரியர்கள் போற்றப்பட்டார்கள்.

பாடநூல் இதன் பின்னால்தான் வந்தது. புத்தகத் தேர்வில் லஞ்ச ஊழல் அம்பலமாகவே, 1903இல் அரசே பாடநூல் வெளியிடும் முறை வந்தது. 1904இல் வகுப்புக்கு வந்த முதல் பதிப்பின் ஒழுக்கப் பாடத்தில் லிங்கனும் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலும் இருந்தார்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அவர்களோடு இருந்தவர்கள், விறகு சுமந்தபடியே புத்தகம் படித்த ஏழைச் சிறுவன் நினோமியா கின்ஜிரோவும், 1894இல் சீனாவோடு நடந்த போரில் ஊதுகொம்பை வாயிலிருந்து எடுக்காமலே இறந்ததாகச் சொல்லப்பட்ட கிகுச்சி கொஹேயும். அடுத்தடுத்த பதிப்புகளில் வெளிநாட்டார் குறைந்தார்கள். 1933இல் வந்த முதல் வகுப்பு வாசிப்புநூலில் செர்ரிப் பூக்களுக்குப் பிறகு சில பக்கங்களிலேயே படைவீரர்கள் நடைபோட்டார்கள். கின்ஜிரோவின் வெண்கலச் சிலைகள் பள்ளிதோறும் நின்றன. போர் முற்றியபோது உலோகத்துக்காக அவற்றில் பல உருக்கப்பட்டன. உழைப்பைக் கற்பிக்க வைத்த சிறுவனும் போருக்குப் போனான்.

இந்த வகுப்பறை ஜப்பானின் பெருந்தீவுகளோடு நிற்கவில்லை. ஒகினாவாவில் தம் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரப்பலகை மாட்டினார்கள். அடுத்து யாராவது பேசி மாட்டும்வரை அதைக் கழற்ற முடியாது. ஜப்பான் பிடித்து ஆண்ட தைவானிலும் கொரியாவிலும் பள்ளியே ஆட்சிமொழியின் காவல்நிலையமாக இருந்தது. ஜப்பானியப் படையின் பிடியில் இருந்த மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 1942 முதல் 1945 வரை தமிழ்ப் பிள்ளைகளும் காலையில் தோக்கியோ இருக்கும் திசை நோக்கிக் குனிந்தார்கள், ஜப்பானிய நாட்டுப்பண்ணான ‘கிமிகாயோ’ பாடினார்கள், உடற்பயிற்சி செய்தார்கள். பொருள் புரியாமலே அந்தப் பாட்டை முதுமையிலும் பாடிக்காட்டியவர்கள் அங்கே உண்டு. மூன்றாண்டுப் பழக்கம் அறுபதாண்டு தங்குகிறது.

தோல்விக்குப் பின் மாற்றங்கள் விரைவாக வந்தன. 1945 டிசம்பர் 31 அன்று ஒழுக்கப் பாடம், வரலாறு, புவியியல் மூன்றையும் அமெரிக்கத் தலைமை நிறுத்தியது. 1947இல் கல்விக்கான அடிப்படைச் சட்டம் அமைதியையும் தனிமனித மாண்பையும் முன்வைத்தது. 1948 ஜூனில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் பேரரசரின் ஆணையைப் பள்ளிகளிலிருந்து நீக்கின. மண்டபங்கள் இடிக்கப்பட்டன. ஆனால் வரிசை, வணக்கம், முறைப்பொறுப்பு, விளையாட்டு விழா, சுற்றுலா, துப்புரவு ஆகிய எதையும் யாரும் தொடவில்லை. அவற்றின் விளக்கம் மட்டும் மாறியது. பேரரசருக்குத் தகுந்த குடியை உருவாக்கியவை இனி ஜனநாயகக் குடிமகனை உருவாக்கும் என்றார்கள். அது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். வகுப்புக் கூட்டம் நடத்தி, யார் எந்த வேலை செய்வது என்று பிள்ளைகளே பேசி முடிவெடுக்கும் வழக்கத்தைப் பல ஆசிரியர்கள் மெய்யான அக்கறையோடு வளர்த்தார்கள். ஜப்பான் ஆசிரியர் சங்கம், தம் மாணவரை மறுபடி போர்க்களம் அனுப்பப் போவதில்லை என்பதையே தன் கொள்கை முழக்கமாக வைத்துக்கொண்டது. ஒரே பழக்கம் இருவேறு எஜமானர்களுக்கு உழைத்தது.

மதிய உணவைப் பார்ப்போம். 1889இல் வடக்கே ட்சுருஓகா நகரில், கோயிலோடு இணைந்த ஒரு பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டை, உப்பிட்ட மீன், ஊறுகாய் கொடுத்ததைத் தொடக்கமாகச் சொல்வார்கள். போருக்குப் பின்னர் அது பசி தீர்க்கும் திட்டமாக நாடெங்கும் பரவியது, அமெரிக்கக் கோதுமையும் பால்பொடியும் கொண்டு. 1954இல் தனிச் சட்டமே வந்தது. உணவு கல்வியின் ஒரு பகுதி என்றது அது. காமராஜரின் மதிய உணவுத் திட்டம் பிறந்ததும் கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில்தான். நாம் பள்ளிக்கு வரவழைக்கச் சோறு போட்டோம்; அவர்கள் பள்ளிக்கு ஏற்கெனவே வந்துவிட்ட பிள்ளைக்கு உண்ணும் முறையையும் பாடமாக்கினார்கள். தட்டில் இருந்தது ரொட்டி. சோற்றுக்குப் பெயர்போன நாட்டில் பள்ளி உணவில் சோறு முறையாக நுழைந்தது 1976இல்தான். ஒரு தலைமுறை முழுவதும் ரொட்டியும் பாலுமாக வளர்ந்து, ரொட்டிக்கடை ஜப்பானியத் தெருவின் சொந்தப் பொருளாகிவிட்டது.

துப்புரவுக்கு வருகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் வியப்பது அதைத்தான். ஜென் மடங்களில் கூட்டிப் பெருக்குவது பயிற்சியின் பகுதி என்பது உண்மை. ஆனால் மடத்துக்கும் அரசுப் பள்ளிக்கும் நடுவே கொள்ளைநோய் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் காலரா மீண்டும் மீண்டும் ஜப்பானைத் தாக்கியது. பள்ளியை எப்படிச் சுத்தமாக வைப்பது என்று 1897இல் கல்வி அமைச்சகமே விதிகளை வகுத்தது. ஆள் வைத்துச் செய்ய ஊராட்சியிடம் பணம் இல்லாததும் சேர்ந்துகொண்டது. சுகாதாரமும் சிக்கனமும் கொண்டுவந்த வேலைக்கு மடத்துப் பாரம்பரியம் பின்னர் மேன்மை தந்தது.

இதை அப்படியே தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரலாமே என்று சொல்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். இங்கே பள்ளிக் கழிப்பறையைப் பிள்ளைகள் கழுவினார்கள் என்ற செய்தி வந்தால், கழுவியது எந்தப் பிள்ளைகள் என்பதே முதல் கேள்வியாகிறது. பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்து அந்த வேலையைத் தந்த கொடுமைகள் நாம் அறிந்தவை. பட்டியல் சாதிப் பெண் சமைத்த சத்துணவை வேண்டாம் என்று பெற்றோர் தடுத்த ஊர்களும் உண்டு. துடைப்பம் ஜப்பானில் ஒழுக்கம் கற்பிப்பதற்குக் காரணம், அதை எல்லோர் கையிலும் விதிவிலக்கில்லாமல் கொடுத்ததுதான். மருத்துவர் மகன், மீன்கடைக்காரர் மகள், தலைமையாசிரியர் என யாருக்கும் விலக்கு இல்லை. எகிப்து அரசு 2016இல் ஜப்பானோடு உடன்பாடு செய்து இந்த முறையைத் தன் பள்ளிகளில் கொண்டுவந்தபோது, எங்கள் பிள்ளைகள் என்ன வேலைக்காரர்களா என்று அங்கும் பெற்றோர் கேட்டார்கள். யார் துடைக்கத் தகுந்தவர் என்று ஒரு சமூகம் முன்பே முடிவு செய்துவைத்திருந்தால், பள்ளியில் புதிதாக எடுக்கும் துடைப்பம் அந்த முடிவின் பக்கம்தான் சாயும்.

ஜப்பானிலும் துடைப்பம் தானாகவே சமத்துவத்தைக் கொண்டுவந்துவிடவில்லை. புராகுமின் மக்கள் 1922இல் தம் சொந்த இயக்கத்தைத் தொடங்கித்தான் பேச வேண்டியிருந்தது. இன்று ஜப்பானில் கட்டாயக் கல்வி முழுவதற்கும் பாடநூல் இலவசம். அது வந்த வழி சுவையானது. 1961இல் கோச்சி நகரின் நாகஹாமா பகுதியில், பெரும்பாலும் புராகுமின் குடும்பங்களைச் சேர்ந்த தாய்மார்கள், கட்டாயக் கல்வி இலவசம் என்று சொல்லும், போருக்குப் பிந்தைய அரசியல் சாசனத்தின் 26ஆம் பிரிவைப் படித்துவிட்டு, அப்படியானால் புத்தகத்துக்கு ஏன் காசு என்று கேட்டுப் போராடினார்கள். இரண்டே ஆண்டுகளில் நாடு முழுவதற்கும் சட்டமானது. அந்தத் தாய்மார்களைப் பற்றிய காணொளி எதுவும் நம் குழுக்களில் சுற்றுவதில்லை.

பாடநூல் சண்டை மறுபடி தொடங்கியது 1958இல், வாரம் ஒரு மணி நேரம் ஒழுக்கக் கல்வி திரும்பியபோது. வரலாற்றாசிரியர் இயெனாகா சபுரோ, தன் பாடநூலில் அரசு திருத்தம் கேட்டதை எதிர்த்து 1965இல் வழக்குத் தொடுத்தார். மூன்று வழக்குகளாக அது 1997 வரை நீண்டது. போரில் உயிருள்ள மனிதர்மீது சோதனை நடத்திய 731ஆம் படைப்பிரிவைப் பற்றிய பகுதியை நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்று இறுதியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தணிக்கை முறையே செல்லாது என்ற அவருடைய பெரிய கோரிக்கையை ஏற்கவில்லை. 2006இல் அடிப்படைச் சட்டம் திருத்தப்பட்டு நாட்டையும் ஊரையும் நேசிக்கும் மனப்பான்மை அதில் ஏறியது. 2018இல் தொடக்கப்பள்ளியில் ஒழுக்கம் முறையான பாடமாகி, ஆசிரியர் மதிப்பீடும் எழுத வேண்டியதாயிற்று. எண்ணால் மதிப்பெண் இல்லை, வாக்கியங்களில்.

அந்தப் பாடத்துக்கான நூல்களை 2017இல் சரிபார்த்தபோது நடந்தது நகைச்சுவைக்கு ஈடானது. முதல் வகுப்பு நூல் ஒன்றில், தெருவில் நடந்துபோகும் பிள்ளை ஒரு ரொட்டிக்கடையைப் பார்க்கும் பாடம் இருந்தது. நாட்டின் மரபைப் போற்றும் நோக்கம் நூலில் போதவில்லை என்று அமைச்சகம் பொதுவாகக் குறிப்பு எழுதியது. பதிப்பகத்தார் யோசித்து ரொட்டிக்கடையை எடுத்துவிட்டு, பாரம்பரிய இனிப்புக் கடையை வைத்தார்கள், நூல் தேறியது. ரொட்டிக்கடைக்காரர்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. முப்பதாண்டு காலம் பள்ளிகளுக்கு ரொட்டி செய்து கொடுத்தவர்கள் அவர்கள்தானே. அரசு ஒரு கையால் ஊட்டி வளர்த்த பழக்கத்தை இன்னொரு கையால் அந்நியம் என்று ஒதுக்கியது.

ஆனாலும் இந்தக் கடை மாற்றத்தால் ஒரு பிள்ளையின் நாட்டுப்பற்று கூடியிருக்கும் என்று நான் நம்பவில்லை. பிள்ளைகளைப் பாதிப்பது வேறு. இயற்கையிலேயே பழுப்பு முடி கொண்ட ஒரு மாணவி, கறுப்புச் சாயம் பூசச் சொன்ன பள்ளி நடைமுறையை எதிர்த்து 2017இல் ஓசாகாவில் வழக்குப் போட்டார். எல்லோரும் ஒன்றாகத் துடைக்கும் அதே ஒழுங்குதான் எல்லோர் முடியும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. விலக்கில்லை என்பதன் அழகும் கொடுமையும் பிரிக்க முடியாதவை. தோக்கியோ மாநகர அரசுப் பள்ளிகள் 2022இல் இத்தகைய விதிகளைக் கைவிட்டன. 2023ஆம் கல்வியாண்டில் தொடக்க, நடுநிலை வகுப்புகளில் நீண்ட நாள் பள்ளிக்கு வராத பிள்ளைகளின் எண்ணிக்கை 3,46,482. ஏழ்மையால் வராதவர்களும் நோயால் வராதவர்களும் இந்தக் கணக்கில் இல்லை. வகுப்பறைக்குள் இருக்க முடியாதவர்கள் இவர்கள்.

இன்னொரு வகைப் பிள்ளைகள் இந்தக் கணக்குக்குள்ளும் வருவதில்லை. ஹமமாட்சு போன்ற தொழில்நகரங்களில் பிரேசிலிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வந்த குடும்பங்கள் வாழ்கின்றன. கட்டாயக் கல்விக் கடமை ஜப்பானியக் குடிமக்களுக்கே உரியது. வெளிநாட்டுப் பிள்ளை கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள், வராவிட்டால் தேடிப் போகும் கடமை பள்ளிக்கு இல்லை. 2019இல் முதன்முறையாக நாடு முழுவதும் எண்ணிப் பார்த்தபோது, பள்ளியில் இருக்கிறார்களா என்பதே உறுதியில்லாதவர்கள் சுமார் 20,000 பேர். அந்த நகரங்களின் சில பள்ளிகளில் இப்போது அறிவிப்புகள் போர்த்துகீசிய மொழியிலும் வருகின்றன. துப்புரவு முறைப் பட்டியலில் ஜப்பானியப் பெயர்களுக்கு நடுவே சில்வாவும் சாண்டோஸும் இருக்கிறார்கள். சில்வா வராத நாளில் அவன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியது யார் என்பதற்குச் சட்டத்தில் இன்னும் விடை இல்லை.